பாட்டுல ஜமைக்காக்காரங்க குரல் இருக்கா? டான்ஸ்ஹால், ஹிப்ஹாப் எடுத்துக்கிட்ட பாப் பேண்டுகள் பத்தி

ஒரு பெரிய பாப் பேண்டு ஜமைக்கா பீட்ட எடுத்து பாட்டு போடுறப்போ நான் மொதல்ல கவனிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், அந்தப் பாட்டுல ஜமைக்காக்காரங்க யாராவது வாய தொறக்குறாங்களா இல்லையா. தொறந்தாங்கன்னா அவங்க பேரு பாட்டோட பேருலயே வருதா, அவங்க பேசுற பாட்வா மொழியிலயே பாட விடுறாங்களா, இல்ல சும்மா நடுவுல ரெண்டு வரி மசாலாவுக்கு தூவிட்டு போறாங்களா. அதுக்கப்புறம்தான் பாட்டு நல்லா இருக்கா இல்லையான்னே யோசிப்பேன். என் கூட இருக்குறவங்க கேப்பாங்க, பாட்ட ரசிச்சுட்டு போக வேண்டியதுதான எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சின்னு. எனக்கு இது ஆராய்ச்சியாவே தெரியல, ஏன்னா இந்தக் கொடுக்கல் வாங்கல்ல நம்ம பாட்டும் ஒரு தடவ மாட்டியிருக்கு, அத பின்னாடி சொல்றேன், அது தெரிஞ்ச நாள்ல இருந்து என்னால இத சும்மா விட முடியல.

டான்ஸ்ஹால்ங்கற ஜமைக்கா இசையோட பீட்டு எப்டி இருக்கும்னு தெரியாதவங்களுக்கு ஒரு சுலபமான வழி சொல்றேன். எட்டு எண்ணிக்கைய மூணு மூணு ரெண்டா பிரிச்சு வாயால சொல்லிப் பாருங்க, தகிட தகிட தக, தகிட தகிட தக, அந்த ஒவ்வொரு 'த'வுலயும் ஒரு அடி விழணும். அவ்ளோதான். கொன்னக்கோல் கத்துக்கிட்டவங்களுக்கு இது மொத மாசத்துப் பாடம். இப்போ சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுல நின்னு எந்த தனியார் பஸ்ஸுல இருந்து எந்தப் பாட்டு வந்தாலும் இத சொல்லிப் பாருங்க, பாதிப் பாட்டுக்கு மேல ஒட்டும். 2015, 2016 வாக்குல ஜஸ்டின் பீபரோட 'சாரி', டிரேக்கோட 'ஒன் டான்ஸ்', ரிஹானாவோட 'வொர்க்'னு இந்த ஆட்டம் உலகம் பூரா ஒரே நேரத்துல பரவுச்சு, அதுக்கப்புறம் நம்ம சினிமாப் பாட்டுலயும் வந்து உக்காந்துடுச்சு. 'வொர்க்' ஒண்ணாவது பார்படாஸ்ல பொறந்த பொண்ணு தன் கரீபியன் வாயிலயே பாடுனது. மத்தது எல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா பாடுறவங்களுக்கே தெரியுமான்னு எனக்கு சந்தேகம்.

வந்த எடம் ஜமைக்காவோட தலைநகரம் கிங்ஸ்டன். 1950கள்லயே அங்க டியூக் ரீட், காக்ஸன் டாட் மாதிரி ஆளுங்க பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிய தெருவுல அடுக்கி வெச்சு ரெக்கார்டு போட்டு ஆட வெப்பாங்க, அதுக்குப் பேரு சவுண்ட் சிஸ்டம். இது நமக்கு புரியாத விஷயமே இல்ல, அம்மாப்பேட்டையில என் பெரியப்பா பையன் சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்காரு, ஆடி மாசம் வந்துட்டா கோட்டை மாரியம்மன் நோன்பு, குகை வண்டி வேடிக்கைன்னு அவரு வீட்டுக்கே வர மாட்டாரு, எந்தத் தெருவுல யாரு பெட்டி அதிகமா அதிருதுன்னு அவங்களுக்குள்ள ஒரு போட்டியே நடக்கும். கிங்ஸ்டன்லயும் அதே போட்டிதான். அங்க ஒரு படி கூடப் போச்சு, ரெக்கார்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு ஆளு மைக்க புடிச்சு அது மேல தாளத்தோட பேச ஆரம்பிச்சாரு. யூ-ராய்ங்கறவரு 1970ல அப்டி பேசுன ரெக்கார்டுங்க ஜமைக்காவுல பெரிய ஹிட்டு. அந்தப் பேச்சுதான் டான்ஸ்ஹாலோட ஆணிவேரு.

ஹிப்ஹாப்புக்கும் வேரு அங்கதான் போகுது. கூல் ஹெர்க்குங்கறவரு கிங்ஸ்டன்ல பொறந்து சின்ன வயசுல நியூயார்க் போன பையன், 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி பிராங்க்ஸ்ல அவங்க அபார்ட்மென்ட்ல தங்கச்சிக்காக வெச்ச பார்ட்டிதான் ஹிப்ஹாப் பொறந்த நாளுன்னு கொண்டாடுறாங்க. அதனால டான்ஸ்ஹால் ஒரு பக்கம் ஹிப்ஹாப் ஒரு பக்கம்னு நான் பிரிச்சுப் பாக்க மாட்டேன், பெரியப்பா சித்தப்பா புள்ளைங்க மாதிரி ரெண்டும் ஒரே வீட்டுல இருந்து கெளம்புனதுதான்.

இன்னொரு விஷயம் ரிடிம். ஜமைக்காவுல ஒரு பின்னணி இசைய ஒருத்தர் உருவாக்குனா அதே பின்னணி மேல இருபது பேரு இருபது பாட்டு பாடுவாங்க, அது அங்க தப்பே இல்ல, அதான் வழக்கமே. 1985ல கிங் ஜாமி தயாரிப்புல வெய்ன் ஸ்மித் பாடுன 'அண்டர் மி ஸ்லெங் டெங்', அந்த பின்னணி ஒரு கேசியோ எம்டி-40 கீபோர்டுல ஏற்கனவே பதிஞ்சு வந்த ரிதம், ஒரு பட்டன அமுக்குனா வரும், ஜமைக்காக்காரங்க அத கொஞ்சம் மெதுவாக்கி ஓட விட்டாங்க, அதோட அந்த ஊரு இசையே டிஜிட்டலுக்கு மாறிடுச்சு. அப்புறம் 2002ல லெங்கி மார்ஸ்டன் போட்ட ஒரு ரிடிம், பேரு என்ன தெரியுமா, தீவாளி. ஆமா, 'திவாலி ரிடிம்'. கை தட்டுற மாதிரியே ஓடும். ஷான் பாலோட 'கெட் பிஸி', வெய்ன் வொண்டரோட 'நோ லெட்டிங் கோ', லுமிடியோட 'நெவர் லீவ் யூ' மூணும் அதே ரிடிம்தான், வரிசையா கேட்டுப் பாருங்க அசந்து போயிடுவீங்க, 'கெட் பிஸி' 2003ல அமெரிக்காவுல நம்பர் ஒன். 1845ல இருந்தே நம்ம நாட்டு ஆளுங்கள கரும்புத் தோட்டத்துக்கு கூலியா கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போன தீவு அது, அங்க ஒரு பாட்டுக்கு நம்ம பண்டிகை பேரு வந்து ஒட்டுனதப் பாக்குறப்போ எனக்கு ஒரு மாதிரி நெஞ்சு நெறஞ்சு போச்சு.

இப்போ பேண்டுங்களுக்கு வரேன். என் கணக்குல இந்த விஷயத்த ஒழுங்கா பண்ணுனது நோ டவுட். கலிஃபோர்னியாவுல அனஹைம்ங்கற ஊருப் பசங்க, 1986ல ஸ்கா பேண்டா ஆரம்பிச்சவங்க, ஸ்காவே ஜமைக்கா சரக்குதான், அதனால அவங்களுக்கு இது திடீர்னு வந்த ஆசை இல்ல. பேஸ் கிட்டார் வாசிக்குற டோனி கனல் இந்திய அப்பா அம்மாவுக்கு பொறந்தவரு, இது நெறைய பேருக்குத் தெரியாது. 1995ல 'டிராஜிக் கிங்டம்' ஆல்பத்துல உலகம் பூரா பேரு வாங்கிட்டு, 2001 டிசம்பர்ல 'ராக் ஸ்டெடி'ன்னு ஒரு ஆல்பம் போட்டாங்க. அந்தப் பேரே அறுபதுகள்ல ஜமைக்காவுல ஓடுன ஒரு இசை வகையோட பேரு. அதுல ரெண்டு பாட்டு, 'ஹே பேபி'யும் 'அண்டர்னீத் இட் ஆல்'லும், அதுக்காக அவங்க நேரா ஜமைக்காவுக்கே போனாங்க, ஸ்லை அண்ட் ராபிகிட்ட வேல செஞ்சாங்க. ஸ்லை டன்பர் டிரம்ஸு, ராபி ஷேக்ஸ்பியர் பேஸு, இந்த ரெண்டு பேரு வாசிக்காத ஜமைக்கா ரெக்கார்ட தேடித்தான் புடிக்கணும், அவ்ளோ வாசிச்சிருக்காங்க. இன்னொரு பாட்டுக்கு ஸ்டீலி அண்ட் கிளீவி, இவங்க டிஜிட்டல் டான்ஸ்ஹால்ல தலைக்கட்டு.

'ஹே பேபி'ல பௌன்ட்டி கில்லர் வராரு. அவரு அப்போ கிங்ஸ்டன்ல ராஜா, அந்தக் கட்டக் குரல ஒரு பொட்டு கூட மாத்தாம அப்டியே விட்டிருக்காங்க, இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சவங்களுக்கே பாதி புரியாது, புரியலன்னா பரவால்லன்னு ஒரு பாப் பேண்டு முடிவெடுக்குறது சாதாரண விஷயம் இல்லீங்க. 'அண்டர்னீத் இட் ஆல்'ல லேடி சா. அந்தப் பாட்டு மெதுவா காதல் பாட்டா போய்க்கிட்டே இருக்கும், பேண்டோட பாடகி க்வென் ஸ்டெஃபானி கொஞ்சிக் கொஞ்சிப் பாடுவாங்க, திடீர்னு லேடி சா உள்ள வந்தவொடனே பாட்டோட தோரணையே மாறிடும், ஊரு பெரிய மனுஷி ஒருத்தங்க சபையில எழுந்து நின்ன மாதிரி. ரெண்டு பாட்டுக்கும் அடுத்தடுத்த வருஷம், 2003லயும் 2004லயும் கிராமி கெடச்சுது, அதுல லேடி சா பேரும் ஏறுச்சு, டான்ஸ்ஹால்ல பொண்ணுங்கள்ல கிராமி வாங்குன மொத டீஜே அவங்கதான் (அங்க டீஜேன்னா ரெக்கார்டு போடுறவங்க இல்ல, ரிடிம் மேல பேசிப் பாடுறவங்க). நான் சொல்ற மதிப்புங்கறது இதான். நோ டவுட்டுக்கு லேடி சாவால ஒரு நல்ல பாட்டு கெடச்சுது, லேடி சாவுக்கு நோ டவுட்டால ஒரு கிராமி கெடச்சுது, ரெண்டு பக்கமும் கை நெறஞ்சுது. அந்த ஆல்பத்துல பாடல் வரி எல்லாமே ஒசத்தின்னு சொல்ல மாட்டேன், சில பாட்டு வெறும் டான்ஸுக்கு மட்டும்தான். ஆனா பேஸு மேல ஏறி உக்காந்து எந்த கிட்டாரும் கத்தல, டிரம்ஸும் பேஸும்தான் வண்டிய ஓட்டுது, அது தெரிஞ்சவங்க செஞ்ச வேல.

அடுத்து பிளாக் ஐட் பீஸ், இங்கதான் எனக்கு மனசு ரெண்டா போகுது. வில்.ஐ.ஆம், ஆப்பிள்.டி.ஆப், டபூ மூணு பேரும் லாஸ் ஏஞ்சல்ஸ்ல தெருவுல பிரேக் டான்ஸ் ஆடி வந்தவங்க. 1998லயும் 2000லயும் வந்த மொத ரெண்டு ஆல்பமும் சுத்தமான ஹிப்ஹாப், நல்லா வாசிக்குற ஆளுங்கள வெச்சு நேர்ல வாசிச்ச மாதிரி இருக்கும், ஆனா பெருசா விக்கல. பாடகி ஃபெர்கி சேந்தாங்க, 2003ல 'எலிஃபங்க்' வந்துச்சு, வாழ்க்கையே மாறிடுச்சு. அதுல 'ஹே மாமா'ன்னு ஒரு பாட்டு, முழுக்க டான்ஸ்ஹால் ஆட்டம், அதுல வேகமா பேசுற ஒரு குரல் வரும், அது லண்டன்ல ரெக்கேங்கற ஜமைக்கா இசை போடுற சவுண்ட் சிஸ்டத்துல எண்பதுகள்லயே பேரு வாங்குன டிப்பா ஐரியோட குரல். பாட்டு விளம்பரத்துல எல்லாம் வந்துச்சு, எல்லாரும் ஆடுனாங்க, ஆனா அந்தக் குரல் யாருதுன்னு கேட்டா பத்துல ஒருத்தருக்குக் கூட தெரியாது. பௌன்ட்டி கில்லர் பேரு பாட்டுப் பேரோட சேந்து ஓடுன மாதிரி இவரு பேரு ஓடல. நான் சொல்ற வித்தியாசம் இங்கதான் இருக்கு.

அதே ஆல்பத்துலதான் 'தி எலிஃபங்க் தீம்'. ஏற்காடு மலை மேல ஏறுறப்போ கொண்டை ஊசி வளைவு தொடங்குனதுமே ஃபோன்ல சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால ஆல்பத்த டவுன்லோட் பண்ணி வெச்சுட்டு முழுசா ஓட விடுறது எங்க வழக்கம், இருபது வளைவு முடியறதுக்குள்ள பாதி ஆல்பம் போயிடும். அப்டி ஒரு தடவ இந்தப் பாட்டு வந்தப்போ பின்னாடி சீட்டுல இருந்த எங்க அம்மா, இங்கிலீஷ் பாட்டே பிடிக்காதவங்க, "ஏ இது ராஜா பாட்டு"ன்னாங்க. எனக்கு அப்போ நம்பிக்கை இல்ல. மேல போய் லேக் பக்கத்துல வண்டிய நிறுத்திட்டு ரெண்டையும் போட்டுக் கேட்டோம். 1985ல வந்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துல இளையராஜா போட்ட 'உனக்கும் எனக்கும்' பாட்டுல இருந்து எடுத்ததுதான் அது. ரஜினியோட நூறாவது படம். ஒரு மகானப் பத்தின பக்திப் படத்துப் பாட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் ஹிப்ஹாப் பேண்டு தன் ஆல்பத்தோட பேரு தாங்குற பாட்டுக்கு அடித்தளமா வெச்சிருக்கு.

எனக்கு அன்னைக்கு ரெண்டு விதமா இருந்துச்சு, இப்பவும் ரெண்டு விதமாத்தான் இருக்கு. ஒண்ணு பெரும, அவ்ளோ பெருமை, உலகத்துல எங்கயோ உக்காந்திருக்குற ஒருத்தரு ராஜா சாரோட ஒரு துண்ட கேட்டு இதுலதான் விஷயம் இருக்குன்னு புடிச்சிருக்காரு, அந்தக் காது சாதாரணக் காது இல்ல. இன்னொண்ணு ஒரு வலி. அந்த ஆல்பம் கேட்ட லட்சக்கணக்கான பேருக்கு அது ஏதோ இந்தியாவுல இருந்து வந்த ஒரு சத்தம், அவ்ளோதான். யாரு போட்டாங்க, எந்தப் படம், எந்த மொழி, எதுவும் தெரியாது. 2005ல அடுத்த ஆல்பத்துலயும் 'டோன்ட் ஃபங்க் வித் மை ஹார்ட்' பாட்டுக்கு கல்யாண்ஜி ஆனந்த்ஜியோட பழைய ஹிந்திப் பாட்டுங்கள எடுத்தாங்க, அதுக்கு கிராமியும் வாங்குனாங்க. டிப்பா ஐரிக்கு என்ன நடந்துச்சோ அதுவேதான் நம்ம ஆளுங்களுக்கும் நடந்துச்சு, குரல் ஊரு பூரா கேட்டுச்சு பேரு கேக்கல.

இத பெரியப்பா பையன்கிட்ட சொன்னேன், செவ்வாய்பேட்டையில தட்டுவடை செட் கடை முன்னாடி நின்னுக்கிட்டு. அவரு பொறுமையா கேட்டுட்டு, "கண்ணு, நான் போடுற ரீமிக்ஸுல பாதிக்கு ஒரிஜினல் யாருதுன்னு எனக்கே தெரியாது, கூட்டம் ஆடுதா அதான் எனக்கு வேணும், பேரு போடுறது கம்பெனிக்காரன் வேல"ன்னாரு. அவரு சொல்றதுல நியாயம் இருக்கு, தெருவுல பெட்டி கட்டுறவருக்கு அது போதும், ஜமைக்காவுலயும் ரிடிம் அப்டித்தான் கை மாறுச்சு. ஆனா அங்க எல்லாரும் ஒரே ஊரு, ஒரே வறுமை, இன்னைக்கு நீ என் ரிடிம் எடுத்தா நாளைக்கு நான் உன்னுத எடுப்பேன். கோடிக்கணக்குல விக்கிற பேண்டு எடுக்குறப்போ திருப்பி எடுக்க ஆளு கெடையாது. அத நான் அவருகிட்டயும் சொன்னேன், அவரு தலையாட்டிட்டு இன்னொரு செட் சொன்னாரு.

2009ல 'பூம் பூம் பவ்', 'ஐ காட்டா ஃபீலிங்' ரெண்டும் சேந்து இருபத்தாறு வாரம் விடாம அமெரிக்காவுல நம்பர் ஒன்னுல நின்னுச்சு. அந்த நேரத்துல பிளாக் ஐட் பீஸ்கிட்ட ஹிப்ஹாப்பும் டான்ஸ்ஹாலும் பேருக்குத்தான் இருந்துச்சு, எல்லாம் எலக்ட்ரானிக் டப் டப். எனக்கு அதுக்கப்புறம் அவங்க மேல ஆர்வம் விட்டுப் போச்சு.

இந்தப் பேச்சுல மாயாவ விட்டுட்டு எழுத முடியாது, பேண்டு இல்ல தனி ஆளுதான், ஆனாலும். மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. லண்டன்ல பொறந்து கைக்குழந்தையா யாழ்ப்பாணம் போய், போர்ல கொஞ்ச நாள் சென்னையிலயும் இருந்து, பத்து வயசு சுமாருல அகதியா திரும்ப லண்டன் போன தமிழ்ப் பொண்ணு. 2005ல வந்த மொத ஆல்பத்துக்கு அப்பா பேரு 'அருளர்', 2007ல ரெண்டாவதுக்கு அம்மா பேரு 'கலா'. ரெண்டுலயும் டான்ஸ்ஹால் ரத்தத்துல ஓடுது. 'கலா'வுல ஒரு பகுதி சென்னையில ஏ.ஆர்.ரகுமான் ஸ்டுடியோவுல ரெக்கார்ட் ஆச்சு. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டுல உறுமி அடிக்குறாங்க, நெசமான உறுமி, ஆடி மாசம் எங்க தெருவுல சாமி எறங்குறப்போ கேக்குற அதே உறுமல், அத ஹெட்ஃபோன்ல ஒரு லண்டன் ஆல்பத்துல கேட்டப்போ ஒடம்பு சிலிர்த்துடுச்சு. 'பேம்பூ பாங்கா'வுல 'தளபதி' படத்து 'காட்டுக்குயிலு' வருது, அதுவும் ராஜா சார். எடுத்தவ நம்ம வீட்டுப் பொண்ணு, அவளுக்கு அது எங்கிருந்து வருதுன்னு தெரியும், அதனால எனக்கு இதுல அந்த வலி இல்ல. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு தி கிளாஷ் பேண்டோட 1982 பாட்டு மேல கட்டுனது, அதுக்கு கிளாஷ் ஆளுங்க பேரயும் பாட்டு எழுதுனவங்க பட்டியல்ல சேத்தாங்க. கிளாஷ்க்கு கெடைக்குற அந்த மரியாதை எல்லாருக்கும் கெடைக்கணும், நான் கேக்குறது அவ்ளோதான்.

மாயா கூட வேல செஞ்ச டிப்லோவும் ஸ்விட்சும்தான் அப்புறம் மேஜர் லேசர் ஆரம்பிச்சாங்க. 2009 மொத ஆல்பம் கிங்ஸ்டன்ல பாப் மார்லியோட டஃப் காங் ஸ்டுடியோவுல போட்டது, வைப்ஸ் கார்டெல், மிஸ்டர் வேகாஸ்னு பாட்டுக்குப் பாட்டு ஜமைக்கா குரல். அந்த ஆல்பத்த நான் இன்னைக்கும் கேப்பேன், முரட்டுத்தனமா இருக்கும், அழகா இருக்கும். அதுல இருந்து 2015 'லீன் ஆன்'க்கு வாங்க. பாடுனது டென்மார்க் பொண்ணு, கூட சேந்தது பிரான்ஸ் டிஜே, வீடியோ எடுத்தது இந்தியாவுல. பாட்டு காதுல ஒட்டிக்கும், அத மறுக்கல. ஆனா ஜமைக்காக்காரங்க குரல் ஒண்ணு கூட இல்ல, அந்த ஆட்டம் மட்டும் மிச்சம், நம்ம ஊரு வெறும் சீன் செட்டிங்கு. ஆறு வருஷத்துல ஒரு கூட்டம் வேர விட்டு எவ்ளோ தூரம் போக முடியும்னு பாக்க இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேட்டா போதும்.

மெரூன் 5ஓட 'ஒன் மோர் நைட்' 2012, கனடாவுல இருந்து வந்த மேஜிக் பேண்டோட 'ரூட்', ரெண்டும் அமெரிக்காவுல நம்பர் ஒன், ரெண்டுலயும் ரெக்கே ஆட்டத்த சலவை பண்ணி இஸ்திரி போட்டு வெச்ச மாதிரி இருக்கும், ஜமைக்கா ஆளு ஒருத்தரும் பாடல. எனக்கு ரெண்டும் வேணாம். கிளீன் பேண்டிட்டோட 'ராக்கபை' 2016 பரவால்ல, கேம்பிரிட்ஜ்ல படிச்ச வயலின் செல்லோ கோஷ்டி, ஷான் பால கூப்ட்டு பேரோட வெச்சாங்க, தனியா புள்ளைய வளக்குற அம்மாவப் பத்தின பாட்டு அது. ஷான் பாலுக்கு கொடுத்த எடம் கம்மின்னு எனக்கு ஒரு கொறை உண்டு.

ஹிப்ஹாப் பக்கம் லிங்கின் பார்க்க சொல்லாம விட்டா எங்க காலேஜ் செட்டு என்ன மன்னிக்காது, அப்போ ஹாஸ்டல்ல பசங்க ரூமு, பொண்ணுங்க ரூமு எல்லாத்துலயும் அதுதான் ஓடும். அவங்கள இந்தக் கணக்குல சேக்கவே தேவையில்ல, மைக் ஷினோடா ராப்ப வெளிய இருந்து கூப்ட்டு வெக்கல, அவரே பேண்டுல ஒரு ஆளு. 2004ல ஜே-ஸி கூட சேந்து 'கொலிஷன் கோர்ஸ்' போட்டப்போ ரெண்டு பேரும் சரிசமமா நின்னாங்க, அதுல 'நம்ப்/என்கோர்'க்கு கிராமியும் வந்துச்சு.

கொரில்லாஸ் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும். டேமன் ஆல்பர்ன் வெள்ளக்கார பிரிட்டிஷ் ராக் ஆளு, ஜேமி ஹ்யூலெட் படம் வரையறவரு, ரெண்டு பேரும் சேந்து கார்ட்டூன் பேண்டு ஒண்ணு உருவாக்குனாங்க. 2001ல 'கிளின்ட் ஈஸ்ட்வுட்', டெல்ங்கற அமெரிக்க ராப்பர் வந்து ராப் பண்ணுவாரு, ஆல்பர்ன் ஓரமா சோம்பலா பாடிட்டு ஒதுங்கிக்குவாரு. அதுக்கு எட் கேஸ் போட்ட ரீமிக்ஸ்ல ஸ்வீட்டி ஐரின்னு ஒரு லண்டன் டான்ஸ்ஹால் டீஜே வந்து பாட்டையே தன்னோடதாக்கிடுவாரு, எனக்கு ஒரிஜினல விட அதுதான் புடிக்கும். 2005ல டி லா சோல் கூட 'ஃபீல் குட் இன்க்'. 2017ல 'சாட்டர்ன்ஸ் பார்ஸ்', பாப்கான் ஜமைக்காவுல இருந்து பாடுறாரு, பாட்டு பூரா அவருதுதான். கார்ட்டூன் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டதுல ஒரு நல்லது, பேண்டோட தலைவர் மொகம்னு ஒண்ணு கெடையாது, வந்த விருந்தாளிதான் பாட்டுக்கு மொகம். நோ டவுட்டுக்கு அப்புறம் நான் மதிக்குறது இவங்களத்தான், சில நாள் மனசு மாறி இவங்கதான் மொதல்லன்னு கூட தோணும், ஏன்னா நோ டவுட் ஒரு ஆல்பத்துல செஞ்சத இவங்க வருஷக்கணக்கா விடாம செய்யுறாங்க.

டான்ஸ்ஹால்ல எல்லாமே புனிதம்னு யாரும் நெனச்சுக்க வேணாம். ஓரினச் சேர்க்கையாளர்கள அடிக்கணும் கொல்லணும்னு பாடுன பாட்டெல்லாம் அதுல இருக்கு, பெரிய பேரு உள்ளவங்களே பாடியிருக்காங்க, அதுக்காக வெளிநாட்டுல கச்சேரியெல்லாம் ரத்தாச்சு. அத நான் எந்த கலாச்சாரக் காரணம் சொல்லியும் ஏத்துக்க மாட்டேன். ஆனா அதையே சாக்கா வெச்சு, பீட்டு வேணும் ஆளு வேணாம்னு சொல்ற பேண்டு எனக்கு அதவிட நல்லதா தெரியல, அங்கயே லேடி சா மாதிரி எத்தனையோ பேரு இருக்காங்க, தேடுறவங்களுக்கு கெடைப்பாங்க.

நம்ம பக்கமும் இதே கேள்விய கேக்கணும்ல. மலேசியாவுல யோகி பி அண்ட் நட்சத்ரா 2006ல 'வல்லவன்' ஆல்பத்துல 'மடை திறந்து' போட்டப்போ, 1980 'நிழல்கள்' படப் பாட்ட எடுத்தாங்கங்கறத ஒளிக்கவே இல்ல, பேரே அதான், கேட்ட ஒவ்வொருத்தருக்கும் அது ராஜா பாட்டுன்னு தெரியும், அது மேல தன் கதைய சொன்னாங்க. சென்னையில 2018ல மேடையேறுன கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் சேத்தப்போ கானா பாடுறவங்களையே மேடையில நிக்க வெச்சாங்க, நோ டவுட் ஜமைக்காவுல செஞ்சத விட இது ஒரு படி மேல, ஏன்னா அங்க விருந்தாளி, இங்க வீட்டுக்காரங்களே. ஆனா நம்ம சினிமாவுல டான்ஸ்ஹால் ஆட்டம் போட்ட பாட்டுங்கள்ல ஒரு ஜமைக்கா குரல கூப்ட்டு பாட வெச்சத நான் கேட்டதே இல்ல. உறுமியும் பம்பையும் சினிமாவுல அவ்ளோ ஓடுது, சேலம் தர்மபுரி பக்கம் பம்பை அடிக்குறவங்க எத்தனை பேரோட பேரு அந்த பாட்டுக்குக் கீழ வருதுன்னு பாத்தா அதுவும் இதே கததான். ராஜா சார் பேரு வரலன்னு எனக்கு வலிச்சா, பம்பைக்காரரு பேரு வரலன்னாலும் வலிக்கணும், டிப்பா ஐரி பேரு தெரியலன்னாலும் வலிக்கணும்.

இதுவரைக்கும் இதெல்லாம் கேக்காதவங்களுக்கு ஒரு வரிசை சொல்றேன், நல்ல பேஸு வர்ற ஸ்பீக்கர்லயோ ஹெட்ஃபோன்லயோ கேளுங்க, ஃபோன் ஸ்பீக்கர்ல இதுல பாதி காணாமப் போயிடும். மொதல்ல 'ஸ்லெங் டெங்', அப்புறம் திவாலி ரிடிம் மூணு பாட்டு, உடனே 'அண்டர்னீத் இட் ஆல்' முழுசா, லேடி சா வர்ற வரைக்கும் மாத்தாதீங்க, அப்புறம் எட் கேஸ் ரீமிக்ஸ், 'பேர்ட் ஃப்ளூ', அது முடிஞ்ச கையோட 'உனக்கும் எனக்கும்' போட்டுட்டு அதுக்கப்புறம்தான் 'எலிஃபங்க் தீம்', இந்த ரெண்ட மட்டும் வரிசைய மாத்திப் போடாதீங்க.